காதர் பாயின் செடி

நூர்ஜஹான் போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது லாங் பஜாரில் ஒரு தள்ளுவண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றேன். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று அவள் தங்கை போனில் அழுதாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எழுதிக்கொண்டிருந்த நாவலின் இரண்டாம் பாகத்தைப் பாதியில் விட்டுவிட்டு எப்படிப் போகலாம்?

எங்களோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். கல்லூரியில் அவள் தாவரவியல், நான் தமிழ். கதைக்கு ஓர் ஆளை உண்டாக்கும் முன் அவனுக்கொரு செடி தேடுவாள். அந்தச் செடியில் இல்லாத குணத்தை அவனுக்குக் கொடுக்கமாட்டாள். அவள் நாவலில் வரும் ஆம்பூர் தோல் முதலாளி காதர் பாய்க்கு வேலிகாத்தான் முள்மரம் வாய்த்தது. உப்பேறிய நிலத்திலும் வளரும். எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் இருந்தாலும் வேர் தேடிப் போகும். தன்னடியில் வேறொன்றை எளிதில் முளைக்க விடாது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும்.

"இல்லாதவங்க வீட்டு அடுப்பு எரியறதும் அதே மரத்துலதான் விமலா. அத விட்டுட்டு எழுதினா அது வசவு, ஆளு இல்ல" என்பாள். அதனால்தான் தொழிற்சாலை மூடிக் கிடக்கும் மாதங்களில் காதர் பாய் தொழிலாளர் வீடுகளுக்கு அரிசி அனுப்புகிறார். எனக்கு என்ன செடி என்று ஒருநாள் கேட்டேன். "நீதான் இன்னும் உயிரோட இருக்கியே, இன்னா அவசரம்?" என்றாள்.

நாவல் வெளிவந்த வாரம் நிர்வாகக் குழுவில் இருந்த ஒருவர் எங்கள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். அவர் குடும்பத்துக்கும் தோல் தொழில்தான். நூர்ஜஹானின் தற்காலிக வேலையை நீட்டிப்பதா என்று முடிவுசெய்யும் கூட்டம் மறுநாள்.

"இது எங்க அப்பாதானே? ஊரே சொல்லுது. அடுத்த பதிப்புல இந்த ஆளு இருக்கக்கூடாது. இல்லன்னா நாளைக்கு நான் பேச வேண்டியிருக்கும்."

அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. சரியென்று சொல்லித் தொலையேன் என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"எடுக்கமாட்டேன் பாய்" என்றாள். "அது உங்க அப்பா இல்ல. அவரு உயிரோட இருக்காரு. உயிரோட இருக்கறவங்களுக்கு நான் செடி சொல்றதில்ல. மனுஷன் நாளைக்கே மாறிடலாம். காதர் பாய் மாறமாட்டாரு, அவரு கதை புஸ்தகத்துலயே முடிஞ்சிபோச்சி."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். குரல் இறங்கிப்போய்க் கேட்டார்: "எங்க அப்பா மாறுவாருன்றீங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதானே கூட இருக்கீங்க."

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். மறுநாள் கூட்டம் முடியும்வரை அறையிலேயே உட்கார்ந்திருந்தோம். வேலையை நீட்டித்தார்கள். உள்ளே அவர் என்ன பேசினாரோ, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. காதர் பாய் இரண்டாம் பதிப்பிலும் அப்படியே இருந்தார்.

நூர்ஜஹானை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியவர்களில் அந்த நிர்வாகக் குழுக்காரரும் இருந்தார். அவள் வீட்டு வாசலில் என்னைப் பார்த்து நின்றார்.

"மேடம், அவங்களுக்கு இன்னா செடி?"

எனக்குத் தெரியும். பல வருடங்களாக மனதில் வைத்திருக்கிறேன். வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் அவள் கதை முடிந்தது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"தெரியல சார்" என்றேன்.

அவள் நினைவாக என்னிடம் இருப்பது அந்தச் செடியின் பெயர் ஒன்றுதான். அதை உங்களுக்கும் நான் சொல்லப்போவதில்லை.