படகு இன்ஜினில் பூத்த உப்பு

சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள். செத்த மாட்டுத் தோலை உதறி உப்புத் தட்டியே வயிறு வளர்த்தவன் நான், பாலாற்றுச் சுடுகாட்டைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போவேன், யாராவது பேய் பிசாசு என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். இருந்தும் அந்த இன்ஜின் விஷயம் மட்டும் நடந்தது, என் கண் முன்னால் நடந்தது.

ஆம்பூரில் எங்கள் தோல் பதனிடும் ஷாப்பில், தோல் ஊறப்போடுகிற மரப்பட்டையை அரைக்கிற மிஷினுக்காக முதலாளி ஒரு பழைய ஆயில் இன்ஜின் வாங்கினார். மெட்ராசில் உடைத்துப்போட்ட படகில் இருந்ததாம், மலிவாக அடித்துவிட்டேன் என்று அவருக்கு ஒரே பெருமை. அது வண்டியில் வந்து இறங்கியபோது திருவிழாக் கூட்டம், மாசமாக இருந்த என் அக்கா எஸ்தர்கூட வந்து நின்றாள். அவள் புருஷன் தேவராஜ் மாமாதான் இன்ஜின் டிரைவர். அந்த வேலைக்காகத்தான் ஷாப்புக்குள்ளேயே அவர்களுக்கு ஒரு ஓட்டு வீடு.

இன்ஜின் சூடேறாமல் இருக்க அதைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டும். ஷாப்புக் கிணற்றில் தோல் உப்பு இறங்கி வாயில் வைக்க முடியாது, அதனால் ஆற்று ஊற்றிலிருந்து குடத்தில் வரும். மாமா ஒவ்வொரு குடத்தையும் ருசி பார்த்துத்தான் ஊற்றுவார். அப்படியும் இன்ஜின் கொதித்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே பாறை பாறையாக உப்பு. புளித்துப்போன பட்டைத் தண்ணீரை ஊற்றி ஊறவைத்துக் கம்பியால் சுரண்டுவார், அது எங்கள் ஷாப்பு வைத்தியம், நன்றாகவே கேட்கும். சில நாளில் மறுபடி அடைத்துக்கொள்ளும்.

"இன்னாடா தேவராஜு, ஆத்துக்குப் போவ சோம்பேறித்தனப்பட்டு தோல் கழுவுன தண்ணிய ஊத்துறியா?"

"பைபிள் மேல சத்தியமா இல்லீங்க மொதலாளி. நீங்களே வந்து நின்னு பாருங்க."

"பாக்கறேன். உப்பு இருந்துச்சின்னா வீட்ட காலி பண்ணிடணும்."

மறுநாள் முதலாளியே ருசி பார்த்தார், நல்ல தண்ணீர்தான். நட்டநடுப் பகலில் இன்ஜின் கொதித்தது. தண்ணீரைத் திறந்துவிட்டதும், நம்பினால் நம்புங்கள், சுண்ணாம்புக் குழி, அழுகல் தோல் எல்லா நாற்றத்தையும் மீறி ஒரு பச்சை மீன் வாடை. இன்ஜினைச் சரிபார்க்க மெட்ராசிலிருந்து வந்திருந்த ஃபிட்டர் ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பினான்.

"யோவ், கடல் தண்ணிய்யா இது!"

மூடியைக் கழற்றினோம். உப்புக்கு நடுவே பாசி, அன்றைக்குத்தான் முளைத்ததுபோல் பச்சையாக.

முதலாளி மாமா பக்கம் திரும்பினார்: "நீதான் இன்னாவோ சூனியம் பண்ற. சாயங்காலத்துக்குள்ள கெளம்பு."

தானே ருசி பார்த்துத் தன் கண்ணால் கண்டவர் பேச்சு இது. இன்ஜின் மேல் தப்பென்றால் வாங்கினவன் மேல் தப்பாகிவிடுமே.

அக்கா பானை சட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது மாமா உப்பில் ஒரு கட்டியை உடைத்துத் துணியில் முடிந்தார். "யாராச்சும் கேட்டா காட்டணும் மச்சான்," என்றார். யார் கேட்டார்கள்? மாமா கோலார் தங்கச் சுரங்க வேலைக்குப் போனார், நெஞ்சில் தூசி அடைத்துச் செத்தார். அடுத்த டிரைவருக்கும் இன்ஜின் கொதித்தது, முதலாளி சத்தமில்லாமல் அதைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டார். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை.

அக்காவும் போனபிறகு அந்தக் கட்டி என்னிடம் வந்தது. இதோ இந்த டப்பாவில்தான். சித்திரை வெயிலிலும் தினம் இரண்டு வேளை நனைந்து நீர் விடும், தானே காயும், அந்த வேளையும் நாளுக்கு நாள் கொஞ்சம் தள்ளிப்போகும். தோல் வாங்க வந்த, மெட்ராஸ் கடலோரத்து ராயபுரத்துக்காரர் ஒருவர், கடல் ஏறி இறங்குகிற கணக்கு இது என்று சொல்லிவிட்டு அதைத் தொடமாட்டேன் என்றார். நான் கடலைப் பார்த்ததே இல்லை.

நீங்கள் வந்து உட்கார்ந்தபோது இது காய்ந்திருந்தது. இப்போது தொட்டுப் பாருங்கள். கேட்டவர்களுக்குக் காட்டத்தான் மாமா எடுத்தார். கேட்டது நீங்கள் ஒருத்தர்தான்.