யாரூட்டுப் பொண்ணு நீ

கோவிந்தம்மாள் போன மாதம் பெருநகர் கிராமத்தில் இறந்தாள். அவள் கணவர் வேதகிரி சில வருடங்களுக்கு முன்பே போய்விட்டார். ஊர்க்காரர்களைக் கேட்டால் அது அவருடைய இரண்டாவது சாவு என்பார்கள். முதலாவது எழுபத்தெட்டாம் வருடச் சித்திரையில், அவருக்கு இருபத்துநாலு வயதில்.

கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கோவிந்தம்மாள் மானாம்பதிப் பெண். உறவில்லாத அசல் சம்பந்தம், பெண் பார்க்க வந்த அன்றுதான் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தச் சித்திரையில் ஒருநாள் அவள் கழனிக்குக் கூழ் கொண்டுபோனபோது வேதகிரி மோட்டார் கொட்டகை வாசலில் கிடந்தார். ஈரக் கையோடு ஸ்டார்ட்டரைத் தொட்டிருக்கிறார். மூச்சில்லை, நாடியில்லை. பக்கத்து டிரான்ஸ்பார்மருக்கு ஃபியூஸ் போட வந்திருந்த லைன்மேன் ஏசுதாஸ் கரண்டை நிறுத்திவிட்டு ஓடிவந்து, நெஞ்சை அழுத்துவதும் வாயில் ஊதுவதுமாக இருந்தார்.

அதற்குள் நாலு பேர் மண்வெட்டியோடு குழி வெட்டிவிட்டார்கள். படுக்கவைத்துக் கழுத்துவரை மண்ணால் மூடினால் உடம்பில் ஏறிய கரண்டை மண் இழுத்துக்கொள்ளும் என்பது அங்கே எல்லோரும் நம்பிய வைத்தியம்.

“பொணத்து மேல ஏறிக்கினு இன்னா பண்றான் இவன்? இஸ்துப் போடுங்கப்பா,” என்றார் குழி வெட்டியவர்களில் ஒருவர்.

கோவிந்தம்மாள் கூழ்ப்பானையை இறக்கிவைத்தாள். நேராகப் போய் அந்தக் குழிக்குள் உட்கார்ந்துகொண்டாள்.

“அந்த அண்ணன் வுடறவரிக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்.”

புதுப்பெண்ணைத் தொட்டுத் தூக்க யாருக்கும் கை வரவில்லை. ஏசுதாஸ் விடாமல் அழுத்தினார். இரண்டு விலா எலும்பு முறிந்தது. நெஞ்சு மறுபடி அடித்தது.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கிடந்து வேதகிரி வீடு திரும்பினார். அம்மாவைத் தெரிந்தது. மாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆனால் இதயம் நின்றிருந்த நேரத்தில் மூளைக்கு ரத்தம் போகவில்லை. கடைசிச் சில மாதங்கள் நினைவிலிருந்து அழிந்துவிட்டன. புதிதாகச் சொல்வதும் மறுநாள்வரை நிற்கவில்லை. காலையில் எழுந்து, மனைவியைப் பார்த்து மரியாதையாகக் கேட்பார்:

“யாரூட்டுப் பொண்ணு நீ?”

முதல் நாள் அவள் மாட்டுக்கொட்டகையில் போய் அழுதாள். அப்புறம் அழவில்லை. தினமும் கூழ் கரைத்துக் கொடுத்தபடியே கல்யாணத்தைச் சொன்னாள். பந்தலில் கட்டிய வாழையை ஆடு மேய்ந்தது. அதைத் துரத்திய அவள் அண்ணன் பச்சமுத்துவின் வேட்டி அவிழ்ந்தது. அந்த இடத்தில் வேதகிரி தினமும், முதல்முறை கேட்பவர்போலச் சிரிப்பார்.

ஆடி வந்தது. புதுப்பெண் அந்த மாதம் தாய்வீட்டில் இருக்க வேண்டும். ஒரு மாதம் சொல்ல ஆளில்லாவிட்டால் இவர் தன்னை அடியோடு மறந்துவிடுவாரோ என்று கோவிந்தம்மாளுக்குப் பயம்.

“போயிட்டு வா,” என்றாள் மாமியார் சொக்கம்மாள். “திரும்பி வராட்டியும் உன்ன நான் குத்தம் சொல்ல மாட்டேன். சின்ன வயசு உனுக்கு.”

பச்சமுத்து வண்டியோடு வந்து வாசலில் நின்றான். அவள் கூழ் கரைத்தாள். கை அதன்போக்கில் கரைத்தது. வாய் அதன்போக்கில் சொன்னது.

“...பந்தல்ல கட்டின வாழைய மாடு மேஞ்சிடுச்சி.”

வேதகிரி வெங்காயத்தைக் கடித்தார். “மாடு இல்ல. ஆடு.”

அவள் கை நின்றது.

“உங்க அண்ணன் தொரத்திக்கினு போயி வேட்டி அவுந்துச்சின்னியே.”

“அத வேற சொல்லிக்கீறியா?” என்றான் பச்சமுத்து வாசலிலிருந்து.

கோவிந்தம்மாள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூட்டையை எடுத்து வண்டியில் வைத்தாள்.

ஆடி பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்காது. மானாம்பதியில் பஸ்ஸை விட்டு வேதகிரி இறங்கி வந்தார், ஒரு கையால் விலாவைப் பிடித்தபடி.

“இன்னா மாப்ள, ஆடியில வரக்கூடாதுன்னு தெரியாதா?” என்றான் பச்சமுத்து.

“எனக்குத்தான் ஒண்ணும் ஞாபகத்துல நிக்காதே மச்சான்.”

முகத்தில் சிரிப்பே இல்லை. கதவோரம் நின்ற கோவிந்தம்மாளைப் பார்த்தார்.

“அது யாரூட்டுப் பொண்ணு?”

அவள் வாசலுக்கு வந்தாள். அவர் கண்ணைப் பார்த்தாள்; சிரிப்பு அங்கே இருந்தது.

“உங்கூட்டுப் பொண்ணுதான்,” என்றாள். “உள்ள வாங்க.”