செவலையின் கொட்டாவி

பயம் வந்தால் எனக்கு விக்கல் வரும். பாம்பைக் கண்டாலும், போலீஸ்காரரைக் கண்டாலும், பெண் பார்க்கப் போன இடத்தில் காப்பித் தட்டு நெருங்கினாலும் ஒரே விக்கல்தான். என் கல்யாணத்தில் தாலி கட்டும்போது விக்கியதை வீடியோக்காரர் நெருக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறார். விருந்தாளிகள் வந்தால் என் மனைவி அதைப் போட்டுக் காட்டுவாள். இந்த வியாதி எங்கே தொடங்கியது என்று எனக்கு மட்டும் தெரியும். ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை லீவில், ஒரு குதிரையின் முதுகில் தொடங்கியது.

அப்பா எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு ஏற்காட்டு ஏரிக்கரையில் குதிரைச் சவாரி விட்டுக்கொண்டிருந்தார். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பெண்குதிரை. செம்மண் நிறம் என்பதால் செவலை. சீசனில் பொழுது சாயும்வரை சுற்றுலா வந்த குழந்தைகளைச் சுமந்துகொண்டு ஒரே பாதையில் போய் வரும். மாலையில் அத்தையிடம் வந்து நிற்கும்.

அத்தை அப்பாவின் தங்கை. அந்தியூர்ப் பக்கம் குதிரை வளர்க்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், நான்காம் வருடமே ஒரு தகரப்பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். பெட்டியில் இரண்டு சேலை இருந்தது. மீதி அவள் கையில் இருந்தது.

செவலையை வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்துவாள். கட்டமாட்டாள். காதுக்குப் பின்னால் நான்கு விரலையும் படிய வைத்து, கழுத்து வழியாகத் தோள், தோளிலிருந்து முதுகெலும்பின் ஓரம் என்று மெல்ல இறங்குவாள். எங்காவது சூடோ இறுக்கமோ தட்டினால் கை அங்கேயே நின்றுவிடும். அமுக்காது, தேய்க்காது. சும்மா இருக்கும். செவலை முதலில் முறைக்கும். பிறகு கண்ணைச் சிமிட்டும், கீழுதடு தொங்கும், நாக்கு வெளியே வந்து போகும். கடைசியில் மஞ்சள் பல்லெல்லாம் தெரிய ஒரு பெரிய கொட்டாவி விடும். அதற்குப் பிறகுதான் அத்தையின் கை அடுத்த இடத்துக்கு நகரும்.

“நல்லா அமுக்கி உட்டா சீக்கிரம் முடியுமல்லொ?” என்பார் அப்பா.

“அமுக்குனா இன்னும் இறுக்கிக்குமுங்ணா. அதுவா உடோணும்.”

“எனக்குந்தான் முதுகு நோவுது. ஒருத்தரும் கைய வெக்கக் காணோம்.”

“நீங்களும் நாலு பேரச் செமந்துட்டு வாங்க, வெக்கறன்” என்று சமையற்கட்டிலிருந்து அம்மாவின் குரல் வரும்.

இந்தக் குடும்பத்தில் எனக்கும் ஓர் உத்தியோகம் உண்டு. சேணத்துக்கு அடியில் போடும் கம்பளியை வெயிலில் உலர்த்தி, துணி உறைக்குள் திணித்து, காலையில் அப்பாவிடம் கொடுப்பது. ஒரு செவ்வாய்க்கிழமை கோடைமழை பெய்து ஓய்ந்திருந்தது. பின்பக்கச் சரிவில் புல் வழவழவென்று கிடந்தது. கம்பளிமேல் உட்கார்ந்து சறுக்கினால் என்ன என்று தோன்றியது. தோன்றியதைச் செய்யாமல் விடும் பழக்கம் அப்போது எனக்கு இல்லை. மூன்றாவது சறுக்கலில் ஒரு மரக்கட்டை குறுக்கே வந்தது. நான் பிழைத்தேன், கம்பளி இரண்டாகக் கிழிந்தது.

அதை உண்ணிச்செடிப் புதருக்குள் புதைத்துவிட்டு, கொட்டகையில் கிடந்த காப்பிச் சாக்கு இரண்டை மடித்து உறைக்குள் திணித்தேன். வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

புதன்கிழமை மாலை அத்தையின் கை செவலையின் இடது தோளுக்குப் பின்னால் நின்றது. வெகுநேரம் நின்றது. கொட்டாவி வரவில்லை.

“இங்க நொம்பச் சூடா இருக்குதுங்ணா. ரெண்டு நாள் ஓய்வு குடுங்க.”

“சீசன்ல ஓய்வா? நல்லாச் சொன்ன போ.”

வெள்ளிக்கிழமை சேணத்தைக் கண்டதும் செவலை காதை மடக்கி அப்பாவின் சட்டையைக் கவ்வியது. சனிக்கிழமை ஏரிக்கரையில் திடீரென்று முதுகை வளைத்து உதறியது. மேலே இருந்த சிறுமி சரிந்தாள். அப்பா பாய்ந்து பிடித்ததால் அடிபடவில்லை. ஆனால் அவள் தகப்பன் போட்ட சத்தத்தில் கூட்டம் கூடிவிட்டது. வீட்டுக்கு வந்த அப்பா சேணத்தைக் கழற்றித் திண்ணையில் போட்டார். “கொழந்த உழுந்திருந்தா என்ன கெதி? கடிக்கற குதிர நமக்கு வேண்டாம்” என்றார். சேலத்துத் தரகருக்குச் சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்தார். செவலையின் வாயைத் திறந்து பார்த்தார். “பல்லு நல்லாத்தானுங்க இருக்குது. கொணந்தான் கெட்டுப்போச்சு. செங்கல் வண்டிக்கு ஓட்டிக்கலாம். அங்க கடிக்கறதுக்கு எங்கீங்க நேரம்?” என்று சிரித்தார்.

அப்போதுதான் என் முதல் விக்கல் புறப்பட்டது.

“யாரோ நெனைக்கறாங்க போல, கண்ணு” என்றார் தரகர். சாமிதான் நினைக்கிறார் என்று எனக்குச் சந்தேகமில்லை. இரண்டாவது விக்கலில் கொட்டகைக் கோழிகள் கலைந்தன. சாக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், செவலை தப்பிவிடும். விக்கல் வந்த வழியில் அந்த வார்த்தை வரவில்லை.

“ஒருக்கா நாம் பாத்துக்கறனுங்ணா” என்று அத்தை குறுக்கே வந்தாள். கை காதிலிருந்து இறங்கியது. இடது தோளுக்குப் பின்னால் விரல் பட்டதும், ஈயை விரட்டுவதுபோல் செவலையின் தோல் சிலிர்த்தது. மயிரை விலக்கிப் பார்த்தாள். கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு கட்டி. பிறகு உறையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, குதிரையைத் தடவுவதுபோலவே அதையும் தடவினாள். ஓரிடத்தில் கை நின்றது. உறையைத் திறந்து, சாக்கின் மடிப்பிலிருந்து எதையோ எடுத்தாள். ஓடு நீங்காத ஒரு காப்பிக்கொட்டை.

அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் விக்கினேன். அத்தை கையை மூடிக்கொண்டாள்.

“எந் தப்புங்ணா. கம்பளி நனஞ்சு கெடந்துச்சுன்னு நாந்தான் சாக்க மடிச்சு வெச்சுட்டன். முதுகு புண்ணாயிருச்சு. குதிர மேல குத்தமில்லீங்க. பத்து நாள்ல ஆறிரும்.”

தரகர் டீயைக் குடித்துவிட்டு, வெறுங்கையோடு பஸ் ஏறப் போனார். அப்பா அவர் காதில் விழும்படியே அத்தையிடம் சொன்னார்: “வாழப் போன ஊட்டுலயும் இதே கூத்துத்தானாக்கு. இனிமே குதிரப் பக்கம் வராத.”

புதன்கிழமையே சூடு என்று சொன்னவள், தானே வைத்த சாக்கை ஏன் அப்போதே எடுக்கவில்லை என்று அப்பா கேட்கவில்லை. ஓய்வு கொடுக்காதவர் அவர். யார் தலையிலாவது அந்தப் பழி இறங்கினால் அவருக்கும் சௌகரியம்தான். மறுவாரமே அத்தை எஸ்டேட் ரைட்டரிடம் பெயர் கொடுத்து, தலைச்சோலைப் பக்கம் களை எடுக்கப் போனாள். பிறகு அங்கேயே கூலியாட்களின் லைன் வீட்டில் தங்கிவிட்டாள். அண்ணன் வீட்டில் அவள் உட்கார்ந்து சாப்பிட அந்தக் குதிரை ஒன்றுதான் காரணமாக இருந்தது என்பதெல்லாம் எனக்கு மீசை முளைத்த பிறகு புரிந்த கணக்கு. செவலைக்குப் பத்து நாளில் ஆறியது. மாலையில் அப்பாவே தேய்த்துவிட்டார். அது அசையாமல் நிற்கும், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த ஒன்றை மட்டும் நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்து விக்கிக்கொண்டிருந்தேன். அத்தை வந்தாள். திட்டவில்லை, காப்பிக்கொட்டையைக் காட்டவில்லை. “என்ன சாமி” என்று மட்டும் கேட்டு, என் பிடரியில் நான்கு விரலையும் படிய வைத்தாள். அமுக்கவில்லை. தேய்க்கவில்லை. கை அப்படியே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சில்வர் ஓக் மரத்தடியில் வெயில் முழுக்க வடிந்துபோனது.

மெல்ல என் விக்கல் நின்றது. விக்கலுக்கு வைத்தியம் செய்ய வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

“நின்னுருச்சுங்கத்தெ!” என்று கத்திவிட்டு, ஒண்டிக்கடைக்குப் பன் வாங்க ஓடினேன். வளைவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். செவலையின் கொட்டாவிக்குக் காத்திருப்பவள்போல் அத்தை அங்கேயே நின்றிருந்தாள். என் கழுத்து இருந்த உயரத்தில் அவள் கை இன்னும் அப்படியே இருந்தது. விக்கல்தான் நின்றுவிட்டதே, இன்னும் எதற்காக நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.