மூன்று புள்ளடி

ஷார்ஜா ரோலாவில் நாங்கள் குடியிருந்த காலத்தில் என் அம்மா ஒரு தேர்தலில் நின்றார். கட்சித் தேர்தல் அல்ல, பொங்கல் விழாக் குழுவுக்கான தேர்தல். எனக்கு அப்போது ஒன்பது வயது. உலகத்தில் அதைவிடப் பெரிய தேர்தல் ஒன்று நடந்திருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அக்கம்பக்கத்துக் கட்டடங்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஆண்டுதோறும் பொங்கல் விழா நடத்தின. பெரும்பாலானவை தமிழ்நாட்டுக் குடும்பங்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் நாங்கள் கொஞ்சப் பேர்தான். விழாவை நடத்த மூன்று பேர் கொண்ட குழு. அந்த மூவரும் எப்போதும் தமிழ்நாட்டுக்காரர்களாகவே இருந்தார்கள். அதைப் பற்றி எங்களில் யாரும் பெரிதாக நினைத்ததில்லை, எங்கள் வீட்டுக்குத் தப்பு மேளம் வரும்வரை.

அப்பாவின் நண்பர் ஒருவர் லீவில் ஹட்டனுக்குப் போய்த் திரும்பும்போது அதைக் கொண்டுவந்தார். தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் காமன் கூத்திலும் அடிக்கிற தோல் வாத்தியம். பொங்கல் மேடைக்கென்று அம்மா எங்கள் தோட்டத்துக் குடும்பங்களின் பிள்ளைகளை ஒன்றுகூட்டினார். அண்ணன் தப்பு அடித்தான், நாங்கள் ஆடினோம். கீழ் வீட்டு மலையாளி மேலே வந்து கதவைத் தட்டும்வரை ஆடினோம். முதல் வரிசையில் நடுவில் நான்.

விழாவுக்குச் சில வாரம் இருக்கையில் குழுத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கோயம்புத்தூர்க்காரர், பெரிய கம்பெனியில் எஞ்சினியர். நாங்கள் அவரைத் தலைவர் மாமா என்போம். தேநீரை இரண்டு மிடறு குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அந்த மேளம் எங்கூர்ல சாவுக்கு அடிக்கறதுங்க. பொங்கல் மேடையில வேண்டாமேன்னு சில பேரு சொல்றாங்க. பாப்பா ஏதாச்சும் சினிமாப் பாட்டுக்கு ஆடட்டுங்க."

அம்மா ஒன்றும் வாதாடவில்லை. "புதுக் கமிட்டிக்கு எலெக்‌ஷன் எப்பங்க?" என்று மட்டும் கேட்டார்.

"வர்ற வெள்ளிக்கிழமைங்க."

"அப்ப நானும் நிக்கிறேன்."

தலைவர் மாமா மிச்சத் தேநீரை நின்றுகொண்டே குடித்தார்.

அன்று சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்த அப்பா, விஷயம் தெரிந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "நமக்கு எதுக்கு இந்த வேலை? நம்ம ஓட்டு நாலுல ஒரு பங்குகூட வராது. தோத்துப்புட்டு லிஃப்ட்ல அவங்க மொகத்துல முழிக்கணும்" என்றார்.

"எனக்கு மூனாவது எடம் போதுங்க" என்றார் அம்மா.

மறுநாள் தோட்டத்துக் குடும்பங்களின் பெண்களும் ஆண்களும் எங்கள் ஒற்றை அறை வீட்டில் வந்து நிரம்பினார்கள். கட்டிலில் இடம் போதாமல் நான் குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து நின்றேன். அம்மா ரொட்டி தட்டியபடியே தன் ஊர்த் தொகுதியின் கதையைச் சொன்னார். அரசியல் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் அந்தக் கதையை ஒரு சொல் தடுமாறாமல் சொன்னார்.

"முத எலெக்‌ஷன்ல நுவரெலியா தனி, மஸ்கெலியா தனி. ரெண்டுலயும் நம்ம ஆளுகதான் ஜெயிச்சாங்க. அது பொறுக்காம அடுத்த எலெக்‌ஷனுக்குள்ள நம்ம சனங்கட பிரஜாவுரிமையும் போச்சு, ஓட்டும் போச்சு. அதுக்கப்புறம் ஓட்டு வாங்கி நம்மள்ல ஒருத்தரும் பார்லிமெண்டுக்குப் போகல. முப்பது வருசம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் சில பேருக்கு ஓட்டு திரும்பி வந்திச்சி. எழுபத்தேழுல ரெண்டு தொகுதியையும் ஒன்னாக்கி மூனு எம்பி-ன்னுட்டாங்க. ஆளுக்கு மூனு ஓட்டு. பெரிய கட்சிக்காரவுங்க ரெண்டு பேரும் மொத ரெண்டு எடத்துக்கு வந்திருவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். நம்ம சனங்க என்னா செஞ்சாங்க தெரியுமா? மூனு ஓட்டையும் பிரிக்கல. மூனு புள்ளடியும் ஒரே ஆளுக்கு."

புள்ளடி என்றால் ஓட்டுச் சீட்டில் போடுகிற பெருக்கல் குறி. அம்மா மாவுக் கையால் பலகையில் மூன்று முறை போட்டுக் காட்டினார்.

"மூனாவது எடத்துல நம்ம ஆளு ஜெயிச்சாரு. லயத்து வரிசை வீடெல்லாம் தப்புச் சத்தம். அந்தத் தொகுதி அந்த ஒரு பொதுத்தேர்தலோட சரி, பொறகு முறையையே மாத்திப்புட்டாங்க. ஆனா எங்களுக்கு அது ஒன்னு போதும்."

கதவோரம் நின்ற அப்பா, "இங்க அப்பிடிப் போட விடுவாங்களா?" என்றார்.

"கேட்டுக்குவோம்."

வெள்ளிக்கிழமை, ஓர் உணவகத்தின் மாடி ஹாலில் எல்லோரும் கூடினார்கள். ஒரு மூலையில் யாருடைய சேலையையோ கட்டி மறைப்புச் செய்திருந்தார்கள். ஆளுக்கு மூன்று ஓட்டு என்று தலைவர் மாமா அறிவித்ததும் அம்மா எழுந்தார்.

"மூனையும் ஒரே ஆளுக்குப் போடலாங்களா?"

ஹாலில் சிரிப்பு எழுந்தது. தலைவர் மாமாவும் சிரித்தார். "உங்க ஓட்டு, உங்க இஷ்டமுங்கக்கா. மூணையும் ஒருத்தருக்கே போட்டுட்டா மத்த ரெண்டு பேரை யாரு தேர்ந்தெடுக்கறதுங்க?"

அம்மாவும் சிரித்தபடி உட்கார்ந்தார்.

எண்ணிக்கை தொடங்கியபோது யாரும் சிரிக்கவில்லை. அம்மாவின் பெயருக்கு நேரே மூன்று புள்ளடிகளோடு முதல் சீட்டு வந்தது. அடுத்ததும் அப்படியே. குழுவில் இருந்த ஓர் இளைஞர், "சார், இது செல்லாத ஓட்டு சார்" என்றார். ஹாலில் சலசலப்பு. அப்பா செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்.

தலைவர் மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நேரம் நான் அவரை மனதுக்குள் என்னென்னவோ திட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அக்கா கேட்டப்ப எல்லாரு முன்னாடியும் நாந்தான் சரின்னேன். சொன்னது சொன்னதுதானுங்க. எண்ணுங்க" என்றார்.

எண்ணினார்கள். எங்களுடையதல்லாத சீட்டுகளிலும் இடையிடையே அம்மாவுக்கு ஒரு புள்ளடி விழுந்திருந்தது. நாங்கள் ஆடிப் பழகியபோது திறந்த கதவு வழியே நின்று பார்த்த பெண்கள் பலர். தலைவர் மாமாவின் மனைவி அந்நேரம் ஏசியையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது இடம் போதும் என்று நின்ற அம்மா முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்த தலைவர் மாமா எழுந்து வந்து கும்பிட்டார். செருப்பை மாட்டியிருந்த அப்பா திடீரென்று கை தட்டினார். அவர் அவ்வளவு சத்தமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. அண்ணனும் நானும் மாடிப்படி முழுவதும் கத்திக்கொண்டே இறங்கினோம். கீழே பேருந்துக்கு நின்ற பட்டாணியர்கள்கூடக் காரணம் தெரியாமலே சிரித்தார்கள்.

பொங்கல் மேடையில் தப்பு ஏறியது. ஆடி முடித்தபோது ஹாலே எழுந்து நின்று இன்னொரு முறை கேட்டது. இன்னொரு முறையும் ஆடினோம்.

விழா முடிந்து, என் முகத்துப் பவுடரை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், எல்லாவற்றிலும் எது ரொம்ப நன்றாக இருந்தது என்று கேட்டேன். என் ஆட்டம் என்று சொல்வார் என்ற நம்பிக்கையில்தான்.

அம்மா யோசித்துவிட்டு, "ஓட்டுப் போட்டதுதான்" என்றார்.

ஜெயித்ததைச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டு, வீடு வரும்வரை நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எழுபத்தேழில் அம்மாவின் லயத்தில் தப்பு அடித்துக் கொண்டாடியபோது அவருடைய வீட்டில் ஒருவருக்கும் ஓட்டு இல்லை என்பதை நான் வளர்ந்த பிறகே தெரிந்துகொண்டேன். அவருக்குப் பிரஜாவுரிமை வந்தது கல்யாண வயதில். வாக்காளர் இடாப்பில் பெயர் ஏறும் முன்பே அவர் வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிட்டார். ரோலாவில் அந்தச் சேலை மறைப்புக்குப் பின்னால் அம்மா போட்டதுதான் அவர் வாழ்நாளின் முதல் ஓட்டு. மூன்றையும் தனக்கே போட்டுக்கொண்டார்.