விஷ்லிஸ்ட்டில் ஓர் ஆட்டுக்குட்டி

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரைப் பத்திரமாக மேலே ஏற்றி இறக்கிய அவன், தன் சொந்த வாழ்க்கையில் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றான். நான் இப்படிச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். வரட்டும். அக்காவுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

மனைவியை விட்டுப் பிரிந்து வந்த நாளிலிருந்து என் வீட்டு மாடியறைதான் அவனுக்கு வீடு. ஒரு கட்டில், ஒரு கம்ப்யூட்டர், கதவுக்குப் பின்னால் கருவிப்பை, எத்தனை முறை துடைத்தாலும் போகாத கிரீஸ் வாசனை. மகள் அம்மாவோடு பத்து மணி நேர ரயில் தூரத்தில் இருந்தாள். பிரிந்தபோது அவளுக்கு ஏழு வயது. நான் சொல்லப்போகிற விஷயம் நடந்தபோது பதினைந்து.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பேசுவான். "சாப்பிட்டியா?" "ம்." "படிக்கிறியா?" "ம்." "அம்மா நல்லா இருக்காளா?" "ம்." அதோடு சரி. மகளிடம் பேச விஷயம் இல்லாமல் ஒரு தகப்பன் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணியானால் அதே மனுஷன் வேறு ஆளாகிவிடுவான். இருவரும் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். ஒரு தீவு. அதில் வீடு கட்ட வேண்டும், ஆடு வளர்க்க வேண்டும், மழை வந்தால் கூரையைச் சரிபார்க்க வேண்டும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவன் போடும் சத்தம் கீழே அடுப்படிவரை கேட்கும். "பாலத்துல பலகை போச்சா? வர்றேன்டி, கத்தாத!" அவன் சிரித்து நான் கேட்டது அந்த இரண்டு மணி நேரத்தில் மட்டும்தான்.

பெண் வளர்ந்தாள். டியூஷன், தோழிகள் என்று சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைசியில் இவன் மட்டும் தனியாகப் போய் ஆடுகளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வருவான். இல்லாத ஆட்டுக்கு இல்லாத தண்ணீர்.

அந்தச் சமயத்தில்தான் அதற்கு எக்ஸ்பான்ஷன் வரப்போவதாக அறிவிப்பு வந்தது. அதாவது, பழைய விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளும் புதுப்பகுதி. தீவுக்குப் பின்னால் ஒரு மலை, மலைக்குப் போக ஒரு கயிற்றுப்பெட்டி. ஒருவர் பெட்டிக்குள் உட்கார, இன்னொருவர் கீழே நின்று சக்கரம் சுற்ற வேண்டும். தனியாளால் முடியாது. அதைப் பார்த்ததும் மகளே முதலில் மெசேஜ் போட்டாள்: "அப்பா, இது உங்க டிபார்ட்மென்ட்!" அந்த ஒரு வரியை என்னிடம் நாலு தடவை காட்டினான்.

அன்றைக்கே அதை விஷ்லிஸ்ட்டில், அதாவது வாங்கக் காத்திருப்பவர்கள் பேர் கொடுத்து வைக்கும் பட்டியலில், போட்டான்.

"இன்னும் செய்யாத சாமானுக்கு எதுக்குடா இப்பவே பேர் கொடுக்குற?" என்று கேட்டேன்.

"வெளிவர்ற அன்னிக்கு மெயில் வரும்கா. அப்புறம், செய்றவங்க சின்னக் கம்பெனி. இத்தனை பேர் காத்திருக்காங்கன்னு தெரிஞ்சா அவங்களுக்கும் பாதியில விட மனசு வராது."

"அவ்வளவுதானா?"

அவன் திரையைக் கொஞ்சம் கீழே தள்ளினான். 'உங்கள் நண்பர் ஒருவரும் இதற்காகக் காத்திருக்கிறார்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் சின்னதாக ஓர் ஆட்டுக்குட்டிப் படம். அது அவன் மகள், என் மருமகள், தனக்கு வைத்துக்கொண்ட முகம்.

"இதுக்குத்தான்கா" என்றான்.

எனக்குப் புரிந்தது. 'அன்றைக்கு வருவியா கண்ணு?' என்று வாய்விட்டுக் கேட்க அவனுக்குப் பயம். கேட்டால் அவள் 'பார்க்கலாம்பா' என்று சொல்லிவிடுவாளோ என்கிற பயம். பட்டியலில் இருக்கும் பேர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. சும்மா பக்கத்தில் இருக்கிறது. தினமும் காலையில் பூட்ஸ் மாட்டுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து, மேலே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் நேராகக் கீழே போய் ஆட்டுக்குட்டியைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவான்.

வெளிவரும் தேதி ஒரு வெள்ளிக்கிழமை. காய்ச்சலுக்கே லீவு போடாதவன், மூன்று வாரம் முன்பே லீவு எழுதிக் கொடுத்தான்.

அதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு காலை, முகம் செத்துப்போய்க் கீழே இறங்கி வந்தான். ஆட்டுக்குட்டியைக் காணவில்லை.

"வாங்கிட்டா பேர் தானா போயிடும்கா. ஆனா இது இன்னும் வெளியவே வரலையே, எப்படி வாங்க முடியும்? அவளாத்தான் எடுத்திருக்கா."

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். நான் பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவள். பேர்ப் பட்டியலோடுதான் என் குடித்தனம். நேரம் வாங்கியவர்கள் தாமதமாக வருவார்கள், மறந்து மறுநாள் வருவார்கள். ஆனால் போன் பண்ணிப் பேரை எடுக்கச் சொன்னவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிரில் சொன்னேன்: "பேரை எடுத்தவங்க வரமாட்டாங்கடா. அவளுக்கு வயசாகுது, அவளுக்குன்னு உலகம் இருக்கு. நீ எதுக்கு அதைப் பிடிச்சுத் தொங்கிட்டிருக்க? நீயும் எடுத்துடு. போன் பண்ணிக் கேட்டு அசிங்கப்படாத."

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தான். மூன்றாம் நாள் தன் பேரையும் எடுத்தான். லீவையும் ரத்து செய்தான். அந்த வெள்ளிக்கிழமை முழுக்க ஒரு பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்டுக்கு அடியிலுள்ள குழியில் முட்டளவு தண்ணீரில் நின்று வேலை பார்த்தான். தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை போனில் அந்த 'ம்'கூடத் தேய்ந்துபோனது. 'பார்த்தியாக்கா?' என்பதுபோல என்னைப் பார்ப்பான். நானும் தலையை ஆட்டுவேன்.

இரண்டு மாதம் கழித்து, மருமகளுக்கு ஒரு சுடிதார் எடுக்கலாமென்று அளவு கேட்கப் போன் பண்ணினேன். அளவெல்லாம் சொல்லிவிட்டு, வைக்கிற நேரத்தில் அவளாகவே கேட்டாள்.

"அத்தை, அப்பாவுக்கு என்மேல எதாச்சும் கோபமா?"

"ஏன்டி அப்படிக் கேக்குற?"

"மலைக்குப் போக வரவே இல்லையே. மூணு நாள் பார்த்தேன்."

"நீதானேடி பட்டியல்லேர்ந்து பேரை எடுத்த?"

"நான் எடுக்கலை அத்தை. முன்பதிவு திடீர்னு திறந்தாங்க, பக்கத்துக்கு மேலயே போட்டிருந்தாங்களே. மார்க் நல்லா வந்திருக்குன்னு அம்மா அன்னிக்கே வாங்கிக் கொடுத்தா. வாங்கினா பேர் தானா போயிடும். நாலஞ்சு நாள்ல அப்பா பேரும் போச்சா, அவரும் வாங்கிட்டார்னு நினைச்சேன். சொல்லாம சர்ப்ரைஸ் பண்றார்னு நானும் கேக்கல."

போனை வைத்தேன். பாவி, நானல்லவா அவன் பேரை எடுக்க வைத்தேன்!

சாயங்காலம் அவன் வந்து, சோப்புத்தூள் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. "மூணு நாளா?" என்று மட்டும் கேட்டான். ஈரக்கையோடு மாடிக்குப் போய் அந்தப் பகுதியை வாங்கினான். நானும் பின்னாலேயே போய் நின்றேன்.

திரையில் மலை வந்தது. அடிவாரத்தில் கயிற்றுப்பெட்டி, பக்கத்தில் சக்கரம். அங்கே அவள் ஒரு பலகை நட்டு வைத்திருந்தாள்.

'வெள்ளி: அப்பா, நான் பெட்டிக்குள்ள உக்காந்துட்டேன். சக்கரம் உங்க வேலை.'

'சனி: லிஃப்ட் மாட்டிக்கிச்சு. மெக்கானிக் எங்க?'

'ஞாயிறு: அப்பா?'

அவ்வளவுதான். அவன் உடனே போனை எடுத்தான். மகளைக் கூப்பிட்டு நடந்ததையெல்லாம் குளறிக் குளறிச் சொன்னான். அவள் கோபப்படவே இல்லை. "பரவாயில்லப்பா. நான் அந்த கேமை அழிச்சுட்டேன், லேப்டாப்ல இடம் இல்ல. பரீட்சை வேற வருது" என்றாள். காலை மிதித்துவிட்ட அந்நியருக்குச் சொல்வோமே, அந்தப் பரவாயில்லை. அவள் அழுதிருந்தாலாவது இவன் பிழைத்திருப்பான்.

போன வருஷம் அதே விளையாட்டுக்கு இன்னொரு பகுதி அறிவித்தார்கள். கடலும் படகும் வருமாம். விஷ்லிஸ்ட்டில் போட்டான். அந்தப் பக்கத்தின் கீழே ஆட்டுக்குட்டி இல்லை. இருந்தாலும் தினமும் காலையில் திறந்து பார்த்தான்.

அது வெளிவந்து நாலு மாதம் ஆகிறது. மெயிலும் வந்தது. தள்ளுபடிகூட ஒரு முறை போட்டார்கள். இவன் வாங்கவில்லை. இன்று காலையும் பூட்ஸ் மாட்டுவதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"அதான் வந்துடுச்சே, வாங்கித் தொலையேன்டா. இன்னும் எதுக்குப் பட்டியல்ல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க?"

"வாங்கினா பேர் போயிடும்கா" என்றான். "அவ என்னிக்காவது திறந்து பார்த்தா, நான் இருக்கணும்ல."

பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.