முப்பத்தாறு எழுத்து மூட்டை

சாப்ட்வேர் எழுதுகிற நாங்கள் எதைப் பார்த்தாலும் முதலில் அதற்கு ஓர் எண் கொடுப்போம். அப்புறம் ஆயுசுக்கும் அந்த எண்ணோடு மல்லுக்கட்டுவோம். உங்களுக்கும் இந்தப் பாடு உண்டென்றால் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

கல்யாண வீட்டுச் சேனை

தென்காசியில் தனியாகத் தொழில் தொடங்கிய எனக்கு ஒரே வாடிக்கையாளர், பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி. வருகிற மூட்டைகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் விழும்படி செய்து கொடுத்தேன். பிறகு கடையத்தில் கிளை திறந்தார். அங்கிருந்த கம்ப்யூட்டரும் ஒன்றிலிருந்தே எண்ணியது. இரண்டையும் இணைத்த அன்று ஒரே எண்ணில் இங்கே கத்திரிக்காய், அங்கே சேனைக்கிழங்கு. கத்திரிக்காய் கேட்ட கல்யாண வீட்டில் சேனை போய் இறங்கியது.

அண்ணாச்சி சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஏம்மா, இன்னொருக்க இப்படி ஆச்சுன்னா ஒன் கம்ப்யூட்டர நீயே கொண்டுபோயிரு. நான் மூட்டையில நம்பர் எழுத சாக்பீஸ் வாங்கிக்கிடுதேன்."

கூவல்

உடனே எல்லா மூட்டைக்கும் ஜி.யு.ஐ.டி. போட்டேன். எண்ணும் ஆங்கில எழுத்தும் கோடும் கலந்து முப்பத்தாறு எழுத்து. எந்தக் கம்ப்யூட்டரும் யாரையும் கேட்காமல் தானே உருவாக்கிக்கொள்ளும், இன்னொன்றோடு மோதாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சந்தையில் ஒரு வழக்கம். மூட்டை முதுகில் ஏறியதும் லோடுமேன் சீட்டைப் பார்த்து எண்ணைக் கூவ வேண்டும். டெம்போ டிரைவர் அதைத் திருப்பிச் சொன்னால்தான் வண்டியில் ஏறும். லோடுமேன் சுடலைமுத்து அண்ணன் முட்டைக்கோஸ் மூட்டையோடு குனிந்தபடி, "எஃப், மூணு, ஏழு, பி..." என்று தொடங்கினார். பாதி வழியில் டிரைவர் நிறுத்தினான். "நடுவுல ஒரு கோடு வருமே, அத விட்டுட்டீரு. மொதல்ல இருந்து சொல்லும்!"

அண்ணன் நிமிர முடியாமலே கேட்டார்: "ஏலே, நான் சொமக்கது கோசா, ஒன் கோடா?"

முதல் பஸ்

ஏலத்தில் முதலில் வந்தவருக்கே முதல் முறை. பழைய எண்கள் ஏறுவரிசையில் இருந்ததால் பட்டியலும் வந்த வரிசையில் நின்றது. ஜி.யு.ஐ.டி.க்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சீட்டுக் குலுக்கியதுபோல் விழுந்தது. ஆய்க்குடியிலிருந்து வெண்டைக்காயோடு வந்த மாரியம்மா அக்கா பட்டியலின் அடியில் கிடந்தார். விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

"மொத பஸ்ஸுல வந்தவள கடைசில நிறுத்துதே, ஒன் மிஷினுக்கும் எனக்கும் என்னட்டி பகை?"

சேட்டன்மார் மரியாதை

அண்ணாச்சி சாக்பீஸுக்கு ஆள் அனுப்புவதற்குள், தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து சரிசெய்தேன். ஜி.யு.ஐ.டி. கம்ப்யூட்டருக்கு மட்டும், கூவுவதற்குக் கடை இருக்கும் ஊரின் பெயரோடு ஒரு சின்ன எண், பட்டியலோ மூட்டை வந்த நேரப்படி. 'கடையம் பன்னிரண்டு' என்று கூவியதும் மூட்டை ஒரே மூச்சில் வண்டி ஏறியது. வெண்டைக்காய் வாடாமல் விலைபோனது.

சீட்டிலிருந்து அந்த நீள எழுத்தை எடுத்துவிடுகிறேன் என்றேன். அண்ணாச்சி பதறிவிட்டார்.

"எடுத்திராதம்மா! கேரளா யாவாரிங்க அதப் பாத்துட்டு, 'எக்ஸ்போர்ட் சரக்கா சேட்டா'ன்னு மரியாதையா கேக்காங்க. இன்னும் கொஞ்சம் நீளமா போட முடியுமா?"

ஆக, எதோடும் மோதாத ஓர் எண்ணைக் கொண்டு என் ஒரே வாடிக்கையாளரைக் காப்பாற்றிக்கொண்டேன். அதை யாரும் வாசிப்பதில்லை என்பதுதான் அதன் முழு வெற்றி.