மருதோன்றியில் எழுதிய எண்

போன வருஷம் இதே போட்டியில் சகீனா படகில்தான் கரைக்கு வந்தாள். விக்டோரியா நீர்த்தேக்கத்தின் நடுவில் மூச்சு முட்டி, காவல் படகின் விளிம்பைப் பிடித்தவள் பிறகு விடவே இல்லை. யாரோ எடுத்த வீடியோ குடும்ப வாட்ஸ்அப்பில் மாதக்கணக்கில் சுற்றியது. கலியாண வீடுகளில் மச்சிமார் அவளைக் கண்டால், "அடுத்த போட் சர்விஸ் எப்ப?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

சகீனாவும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து குழாயடியில் முகம் கழுவும்போது சிரிப்பு வராது. நீந்தி, சைக்கிள் ஓட்டி, ஓடி, மூன்றையும் யார் கையும் படாமல் ஒரு தடவை முடித்துவிட வேண்டும். கடைசி ஆளாக வந்தாலும் சரி. இந்த வருஷம் அவள் கேட்டது அவ்வளவுதான்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. கண்டி டவுனில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தின் முன்மேசையில் வேலை. காலையிலிருந்து நோயாளிகளின் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். புருஷன் ஹாஷிமுக்குக் குண்டசாலையில் ஹாட்வெயார் கடை. கூடப் பிறந்த மூத்தவள், ராத்தா அபீபா மௌத்தாகிக் கண்மூடிய வருஷம்தான் சகீனா நீச்சலுக்குப் போனாள். நித்திரை வராமல் கிடந்தவளை, கூட வேலை செய்த ஒருத்தி பெண்களுக்கான நேரத்தில் நீச்சல் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தண்ணீருக்குள் முகத்தை வைத்து அழுதால் பக்கத்தில் நீந்துபவருக்குக்கூடத் தெரிவதில்லை என்று அங்கேதான் கண்டுபிடித்தாள். சில மாதங்களில் அழுகை குறைந்தது. நீச்சல் நின்றுவிடவில்லை.

போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை மகள் ஸஹ்ரா மருதோன்றிக் கூம்போடு வந்து உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்து மணப்பெண்களுக்கெல்லாம் கையில் பூப் போடுகிறவள்.

"உம்மா, கையத் தாங்க. போன முறை பேனையால எழுதின நம்பர் தண்ணில போயிட்டுதானே? இது ரெண்டு கிழமைக்கு அசையாது."

மற்றவர்கள் எண்ணைப் புயத்திலும் காலிலும் எழுதிக்கொள்வார்கள். உடம்பு முழுவதும் மூடின நீச்சலுடை போடுகிற சகீனாவுக்குப் புறங்கை மட்டும்தான் மிச்சம். அமைப்பாளர்கள் அனுப்பியிருந்த எண் ஐம்பத்திரண்டு. ஸஹ்ரா இடது புறங்கையில் அதைப் பெரிதாக எழுதி, சுற்றிவர ஒரு கொடியும் ஓட்டிவிட்டாள். காலையில் பார்த்தால் நல்ல செக்கச்செவேலென்று பிடித்திருந்தது.

ஞாயிறு விடியற்காலை ஹாஷிம் முச்சக்கர வண்டியின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு நீர்த்தேக்கத்துக்குக் கூட்டிவந்தார். பதிவு மேசையில் இருந்த பிரேமிளா என்ற பெண் நீச்சல் தொப்பியை நீட்டினாள். அதில் நூற்றுப்பதினெட்டு என்று இருந்தது.

"இது என்ட நம்பர் இல்லயே?"

"நேத்து புதுசா நிறையப் பேர் சேர்ந்தாங்க அக்கா. எல்லா நம்பரையும் மாத்திட்டாங்க."

சகீனா இடது கையை நீட்டிக் காட்டினாள். பிரேமிளா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, கல்யாணப் பொண்ணு மாதிரியில்ல வந்திருக்கீங்க! இத எப்படி அழிக்கிறது? மத்தக் கையைக் குடுங்க, எழுதிர்றேன்."

வலது கையில் கறுப்பு மையால் நூற்றுப்பதினெட்டு ஏறியது. உடை உராயாமல் இருக்கக் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் தேங்காயெண்ணெய் பூசியிருந்ததைச் சகீனா அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

"நாள் பூரா ஊர்ச் சனத்துக்கெல்லாம் நம்பர் கூப்பிடுறவளுக்கு ரெண்டு நம்பர்," என்றார் ஹாஷிம். பிறகு குரலைத் தாழ்த்தி, "புள்ள, நான் த்ரீவீலுக்குள்ள மற்றப் பக்கம் பார்த்துட்டு ஈக்கிறன். நீ தண்ணிக்குள்ள போறத என்னால பார்க்க ஏலாது. கரைக்கு வந்த பொறகு ஆராவது வந்து எனக்குச் சேதி செல்லட்டும்."

ஊதல் அடித்தது. சகீனா பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டு இறங்கினாள்.

மேல்தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. காலுக்குக் கீழே குளிர். செம்மஞ்சள் மிதவையை நெருங்கியபோது, போன வருஷம் மூச்சடைத்த அதே இடத்தில் நெஞ்சு மறுபடியும் இறுகியது. படகு பக்கத்தில்தான் இருந்தது, கையை நீட்டினால் போதும். நீட்டவில்லை. பழகி வைத்திருந்தபடி மல்லாந்து படுத்தாள். ஹுன்னஸ்கிரியப் பக்கத்து மலைகளின் தோளில் பனிமூட்டம் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மூச்சை விட்டாள், எடுத்தாள், விட்டாள். நெஞ்சு தளர்ந்ததும் திரும்பிக் கவிழ்ந்து நீந்தினாள். தலைமூடிக்கு மேல் போட்டிருந்த தொப்பி அப்போது வழுக்கிப் போனது அவளுக்குத் தெரியாது.

காலில் சேறு பட்டது. எழுந்து ஓடினாள். கரையில் எண் குறிக்கிற அட்டையோடு நின்ற ஒருவன் "நம்பர்? நம்பர்?" என்று கத்தினான். பேச மூச்சில்லை. கையை உயர்த்திக் காட்டிவிட்டுச் சைக்கிளிடம் பாய்ந்தாள். உயர்த்தியது இடது கை.

இருபது கிலோமீற்றர் சைக்கிள் பாதையில் ஒரு மேடு இருந்தது. பயிற்சியில் ஒரு நாளும் அதை அவள் இறங்காமல் ஏறியதில்லை. அன்றைக்கும் உருட்டிக்கொண்டு போவதாகத்தான் எண்ணம். மேட்டின் அடிவாரத்தில் பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஓட்டி வந்தவர் சண்முகநாதன், மாநகர சபையில் வேலை செய்பவர், அன்றைக்குப் பாதைக் கண்காணிப்பாளர். அவளுடைய கையை எட்டிப் பார்த்தார்.

"அம்பத்திரெண்டு. நீங்க இல்ல. போங்க, போங்க."

அவர் முந்திக்கொண்டு போகும்போது இடுப்பிலிருந்த வோக்கிடோக்கி கரகரத்தது: "நூத்திப்பதினெட்டு இன்னும் தண்ணியவிட்டு வரல. தொப்பி மட்டும்தான் கைக்குக் கிடைச்சது. படகு தேடிக்கிட்டிருக்கு."

சகீனா ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள். "இஞ்சேருங்க! அண்ணன்! நில்லுங்க! நூத்திப்பதினெட்டு நான்தான்!"

சண்முகநாதன் பிரேக் அடித்தார். "கையில அம்பத்திரெண்டுன்னு இருக்கே?"

"அது மருதோண்டி!"

"என்னது?"

"மகள் போட்டது! பழைய நம்பர்! புதுசு மற்றக் கையில ஈக்குது, பாருங்க!" வலது கையை நீட்டினாள். எண்ணெயில் கரைந்த மை ஒரு சாம்பல் கறையாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முன்னாடியே இதுல சொன்னாங்க, உங்க வீட்டுக்காரர் அங்க இறங்கி இடுப்பளவு தண்ணியில நிக்கிறாராம்மா. நாலு பேர் புடிச்சு வச்சிருக்காங்களாம். ஏறுங்க பைக்ல, கொண்டு போய்க் காட்டிர்றேன்."

சகீனா ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள். நீந்தத் தெரியாத மனிதர், தண்ணீருக்குள். மோட்டார் சைக்கிளின் பின் இருக்கை ஒரு எட்டுத் தூரத்தில் இருந்தது. ஏறினால் போட்டி அதோடு முடிந்தது.

"உங்கட அதுல செல்லுங்களேன், நான் ஈக்கிறன் எண்டு."

அவர் சொன்னார். கருவி கரகரவென்று மட்டும் பதில் சொன்னது. போனை எடுத்துப் பார்த்தார். "இந்தப் பள்ளத்துல அவங்க பேசுறது கேக்கும், நாம பேசுறது போகாது. போனும் எடுக்காது. மேட்டுக்கு மேல போனா சிக்னல் இருக்கும்."

"அப்ப நீங்க முன்னுக்குப் போய்ச் செல்லுங்க!"

"நான் சொன்னா நம்புவாரா? தொப்பியக் கையில வச்சிக்கிட்டு நிக்கிற மனுசன். உங்க குரலக் கேக்கணும்."

சகீனா பெடலில் காலை வைத்து மிதித்தாள். இருக்கையிலிருந்து எழும்பி நின்று மிதித்தாள். தொடை எரிந்தது, தலைமூடிக்குள் வேர்வை ஒழுகியது, ஒரு நாளும் முடியாத அந்த மேடு சக்கரத்துக்குக் கீழே ஒவ்வொரு முழமாகப் பின்னால் போனது. சண்முகநாதன் முதல் கியரில் பக்கத்திலேயே உருண்டுகொண்டு, "விடாதீங்க தாயி! இந்தா வந்திருச்சு! இந்தா!" என்று கத்திக்கொண்டே வந்தார். உச்சியில் கரையில் நின்ற ஒருவரைக் கூப்பிட்டு, ஹாஷிமிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, போனை அவள் காதில் வைத்தார்.

"போன் பேசினா ரூல்ஸ் பிரச்சினை இல்லயா?"

"ரூல்ஸே நான்தான். பேசுங்க!"

"ஸஹ்ராட வாப்பா, நான்தான். சைக்கிள்ல ஈக்கிறன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி. "சகீனாவா?"

"ஓ, நான்தான்."

"எங்க ஈக்கிற?"

"மேட்டுக்கு மேல. தண்ணியவிட்டு ஏறுங்க நீங்க. உங்களுக்கு நீந்தத் தெரியாது."

"ஏறினியா, அந்த மேட்டை? இறங்காமலா?"

அவர் கேட்ட பிறகுதான் சகீனா திரும்பிப் பார்த்தாள். பாதை கீழே வளைந்து வளைந்து கிடந்தது. "ஓ," என்றாள். "இறங்கல்ல."

"அப்ப என்னத்துக்கு நிண்டு கதைக்கிற? ஓட்டு புள்ள!"

ஓட்டினாள். இறக்கத்தில் காற்று உடையைப் படபடவென்று அடித்தது. தன்னையறியாமல் சத்தம் போட்டுச் சிரித்தாள். மீன் விற்கிற ஒருவர் தராசைக் கையில் பிடித்தபடி வாய் பார்த்தார்.

கடைசி ஐந்து கிலோமீற்றர் ஓட்டத்தில் கால்கள் விறகுக்கட்டையாகிவிட்டன. பாதி நடை, பாதி ஓட்டம். ஆனால் செய்தி அதற்குள் பரவியிருந்தது. தண்ணீர் கொடுக்கிற மேசைகளில் நின்றவர்கள், ஏற்கனவே முடித்துவிட்டுப் பாணும் பருப்பும் தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழும்பி, "மருதாணி அக்கா! மருதாணி அக்கா!" என்று கை தட்டினார்கள். அவளுக்குப் பின்னால் இரண்டே பேர்தான். ஒருவருக்கு அறுபது வயது, மற்றவருக்குச் செருப்பு அறுந்திருந்தது.

முடிவுக் கோட்டைக் கடந்ததும் சகீனா புல்லில் மல்லாந்து விழுந்தாள். ஹாஷிம் வந்து பக்கத்தில் குந்தினார். கட்டியிருந்த சாரம் இடுப்பு வரை ஈரம், கண் சிவந்திருந்தது. திட்டப் போகிறார் என்று அவள் தயாரானாள். அவர் தண்ணீர்ப் பக்கம் பார்த்தார்.

"நடுவுல போய்ட்டா எப்படி ஈக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்தப் பரபரப்பில் சகீனாவுக்கு மறந்தே போயிருந்தது: நீந்தினாள். படகைத் தொடவில்லை. தன் காலால் சேற்றில் ஊன்றி எழும்பி வந்தாள். அது இப்போதுதான் வந்து நெஞ்சில் இறங்கியது. எழுந்து உட்கார்ந்து, புல் ஒட்டின இரண்டு கைகளாலும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பச்சையா ஈக்கும்," என்றாள். "சத்தமே ஈக்காது. கேளுங்களேன், முதல்ல இருந்து செல்றன்."